கத்துகிற பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி

கத்துகிற பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு டீயும் சொல்லிவிட்டு, அது என்ன சொல்ல வருகிறது என்று முழுசாகக் கேட்ட மனிதர் புதுச்சேரியிலேயே ஒருவர்தான். மனிதர்கள் கத்தினால் அவர் காதில் விழாது. முதலாளி கத்தினால் சுத்தமாக விழாது. பெட்டி கத்தினால் மட்டும் அடுத்த தெருவில் முடி வெட்டிக்கொண்டிருந்தாலும் பாதி வெட்டோடு எழுந்து வந்துவிடுவார். எங்கள் ஆபீசில் அவருக்குப் பொறு மிசியே என்று பேர். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரோ என்று இருந்துவிடுவார்.

இப்போது காரைக்காலில் மகள் வீட்டோடு இருக்கிறார். இந்தப் பத்திரிகை அங்கேயும் போகிறது. படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார், வரட்டும்.

ஆபீஸ் என்றதும் பெரிசாக நினைத்துவிடாதீர்கள். ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. சிக்னல் ஆம்ப்ளிஃபயர்களை விற்பதும், அவை படுத்துக்கொண்டால் எழுப்புவதும் எங்கள் தொழில். மெலிந்து போய் வரும் சிக்னலுக்குத் தெம்பு ஏற்றி அனுப்புகிற பெட்டி அது. இந்த ஊரில் அதற்கு நல்ல கிராக்கி. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன வீடுகளின் சுவர் இருக்கிறதே, அதற்குள் செல்போன் சிக்னல் நுழையாது. அந்த வீடுகளையெல்லாம் ஓட்டலாக்கியவர்கள், ரூமுக்குள் போன் எடுக்கவில்லை என்று விருந்தாளி முறைத்ததும் எங்களிடம் ஓடி வருவார்கள். பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கீச்சென்று கத்தும். அதற்குத்தான் அலாரம் என்று பேர். அது கத்தியதும் வாடிக்கையாளர் கத்துவார். வாடிக்கையாளர் கத்துவதைப் போனில் வாங்கிக்கொள்ளும் நாற்காலியில் இருந்தது நான். என்னை அவர் 'மதாம் கம்ப்ளெயிண்ட்' என்றுதான் கூப்பிடுவார்.

மிசியே என்ற பேர் எப்படி வந்தது என்கிறீர்களா? அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தாராம். பேரனுக்கு அதில் மிஞ்சியது ஒரு தொப்பியும் நாலைந்து வார்த்தைகளும்தான். அவற்றை வைத்துக்கொண்டு அந்த மனிதர் பண்ணிய அலட்டலைப் பிரான்சிலேயே யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள். ஆம்பளை என்றால் மிசியே, பொம்பளை என்றால் மதாம். செருப்புக் கடை வாசலில் படுத்திருக்கும் நாயையும் "பார்தோன் மிசியே, கொஞ்சம் தள்ளிக்க" என்று கேட்டுக்கொண்டுதான் தாண்டுவார். நாயும் தள்ளிக்கொள்ளும்.

'பொறு' என்பது தொழிலில் சம்பாதித்த பட்டம். அலாரம் அடிக்கிற இடத்துக்குப் போனதும் எல்லா மெக்கானிக்கும் முதலில் செய்கிற காரியம், சத்தத்தை நிறுத்துவது. சிலர் பஸ்ஸர் ஒயரையே வெட்டிவிடுவார்கள். சிலர் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு "சரியாயிடுச்சு சார்" என்பார்கள். கறுப்பு டேப்பைப் பார்த்தால் நம்மவருக்கு ரத்தம் கொதிக்கும்.

"வயித்து வலின்னு புள்ள அழுதா வாயைப் பொத்துவியாடா, சண்டாளா!" என்று அந்த முகம் தெரியாத மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே உரித்து எடுப்பார். பிறகு நாற்காலி கேட்பார். உட்காருவார். ஓட்டல்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "சார், மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்க சார்" என்று கெஞ்சுவார்.

"பொறு, மிசியே. அது என்ன சொல்லுதுன்னு கேக்க வாணாமா?"

ஒரு ஓட்டலில் இப்படி அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தேன்நிலவுக்கு வந்த ஜோடி ஒன்று ரூமைக் காலி செய்துகொண்டு போனது. கடைசியில் என்ன என்று பார்த்தால், பெட்டிக்கு சூடு தாங்கவில்லை. ஏன் தாங்கவில்லை? மேனேஜரின் மனைவி, வீட்டில் டிவிக்கும் மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் உறை போட்ட கையோடு, இதையும் விட்டு வைப்பானேன் என்று மயில் எம்பிராய்டரி போட்ட துணியில் கச்சிதமாக ஒரு உறை தைத்து மாட்டிவிட்டார். பெட்டி உள்ளே வெந்துகொண்டிருந்தது.

மிசியே உறையைக் கழற்றி மடித்து, அந்த அம்மாவின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். "மதாம், மயில் ரொம்ப அழகு. இதை மிசியே மேனேஜருக்குப் போட்டு உடுங்க. அவரு கத்த மாட்டாரு" என்றார். மேனேஜர் நிஜமாகவே கத்தவில்லை. எங்களுக்கு போன் செய்வதையே நிறுத்திவிட்டார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போனில் அவர் வைத்தியம் பார்க்கிற முறை இருக்கிறதே, அதுதான் ஊரையே சிரிக்க வைத்தது. யாராவது அலாரம் என்று கூப்பிட்டால் ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்.

"எப்படிக் கத்துது? கத்திக் காட்டுங்க."

ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கத்தல் உண்டு என்பது அவர் கட்சி. சூடு என்றால் நீட்டி இழுக்கும். ஃபேன் நின்றால் விட்டு விட்டு அடிக்கும். ஆண்டெனாவில் கோளாறு என்றால் அவசரமாகக் கீச்சிடும். ஆகையால் வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் கத்திக் காட்டியே தீர வேண்டும். பெரிய வக்கீல் ஒருவர் தன் கட்சிக்காரர்கள் எதிரில் வைத்துக் கத்தினார். கன்னியர் மடத்துத் தாயார் ஒருவர் இருந்தார். அதிர்ந்து பேச மாட்டார். ஜெபம் சொல்லும்போதே சேசுவுக்கு மட்டும் கேட்கிற குரல்தான். அவரையும் விடவில்லை.

"கீங்... கீங்..." என்றார் தாயார், மிகவும் கூச்சத்தோடு.

"இன்னும் கொஞ்சம் பலமா, மதாம்."

"கீங்ங்ங்! கீங்ங்ங்!"

"இழுக்குதா, வெட்டி வெட்டி அடிக்குதா?"

"கீங்! கீங்! கீங்! கீங்! அய்யோ, சேசுவே!" என்றார் தாயார். பின்னால் சின்ன சிஸ்டர்களெல்லாம் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

"ஃபேன்" என்று சொல்லி ரிசீவரை வைத்தார் மிசியே. போய்ப் பார்த்தால் ஃபேன் இல்லை. பெட்டிக்குள் பல்லி குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. "பல்லி ஃபேன்ல மாட்டிகினு இருந்தா அது ஃபேன் கோளாறா இல்லையா?" என்று என்னிடம் சண்டை போட்டார். பல்லி ஃபேனுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. ஆனால் தோற்றுப்போனதாக அவரை ஒத்துக்கொள்ள வைக்க ஆண்டவனாலும் ஆகாது. வேலை முடிந்தால் முழங்காலில் வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கையை விரித்து, "வாலா!" என்பார். 'பார்த்தாயா, ஆச்சு!' என்று அர்த்தம். வேலை ஆகாவிட்டாலும் சில சமயம் சொல்லிவிட்டு வந்துவிடுவார். அடுத்த நாள் நான்தான் திட்டு வாங்குவேன்.

இப்படிப்பட்ட மனிதரோடு குப்பை கொட்டியதில் நான் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனாலும் அந்த டிசம்பர் மாசத்துக்குப் பிறகு அவரை யாராவது கிண்டல் செய்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுத்தேன்.

பிள்ளைச்சாவடிக்குப் போகிற வழியில் ஒரு மீனவர் குப்பம். பேரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரத்திலிருந்து என் வீட்டுக்கு வரும் மீன் நின்றுபோகும். அங்கே கரையோரம் சங்கத்துக்கு ஒரு அறை உண்டு. அதற்குள் ஒரு வயர்லெஸ் செட், கையில் பிடித்துப் பேச ஒரு மைக், செட்டின் குரலுக்குத் தெம்பு ஏற்ற எங்கள் ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து ஒரு கேபிள் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். வெளியே தென்னை மரத்தை விட உயரமான இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஆண்டெனா. செல்போன் எடுக்காத தூரத்துக்குப் போய்விட்ட படகுகளோடு கரை பேசுவதெல்லாம் இந்த வழியாகத்தான்.

பெட்டி கத்துகிறது என்று சங்கத்துச் செயலாளர் மாசிலாமணி போன் செய்தார். வழக்கம்போலக் கத்திக் காட்டச் சொன்னோம். கடலில் கூவிப் பழகிய தொண்டை, ரிசீவர் அதிர்ந்தது.

"ஆண்டெனா பக்கம்" என்றார் மிசியே. இந்தத் தடவை சரியாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் என் ஸ்கூட்டரில் போனோம். அவருக்கு வண்டி ஓட்ட வராது. பின்னால் உட்கார்ந்து எனக்குப் பாதை சொல்ல மட்டும் நன்றாக வரும். அங்கே நாற்காலி போட்டார், டீ வந்தது, மாசிலாமணி மைக்கை அழுத்தினார், பெட்டி கீச்சிட்டது. அது ஏன் கத்துகிறது என்று கூடி நின்றவர்களுக்கு மிசியே விளக்கம் சொன்னார்:

"இந்தப் பொட்டி மேல ஆண்டெனாவுக்குச் சீர்வரிசை அனுப்புது. சம்பந்தி வூட்ல தட்டை வாங்கிக்காம அப்படியே திருப்பி அனுப்பினா பொண்ணு வூட்ல அலறுவாங்களா மாட்டாங்களா? அந்த அலறல்தான் இது. ரொம்ப அலறினா மனசு ஒடஞ்சி கதவைச் சாத்திக்கும். அப்புறம் இங்கேருந்து ஒரு பேச்சும் வெளிய போகாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். கேபிள் முனையைக் கழற்றினார். உள்ளே மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. வெட்டி, புது முனை போட்டார். மைக்கை அழுத்தினால் சத்தமே இல்லை. தொப்பி தலைக்கு ஏறியது.

"வாலா! கிறிஸ்மஸ் முடியற வரைக்கும் இது வாயைத் தொறந்தா என்னை ஏன்னு கேளு!"

வெளியே வந்தபோதுதான் கம்பத்தின் உச்சியில் தொங்கிய கிறிஸ்மஸ் ஸ்டாரைப் பார்த்தோம். அடேயப்பா, என்ன ஸ்டார்! ஆள் உயரத்துக்கு மேலே, அலுமினியக் குழாயில் வெல்டிங் வைத்து, சுற்றிலும் சீரியல் பல்பு. போன வருஷம் பக்கத்துக் குப்பத்து ஸ்டார் மெயின் ரோடு வரைக்கும் தெரிந்ததாம். அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு சூசை என்கிற மீனவன் மாசக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. குப்பத்திலேயே உயரமானது இந்தக் கம்பம்தான் என்று கப்பி போட்டுக் கயிற்றில் ஏற்றிவிட்டான்.

"எங்க வூட்டுக்காரர் கட்டினது" என்றாள் அங்கே மீன் காயவைத்துக்கொண்டிருந்த பிலோமினா. முகமெல்லாம் பெருமை. "போன வருசம் காய்ச்சல்ல படுத்து பொழைச்சி எந்திரிச்சாரு. மாதாவுக்கு வேண்டிகினு ஏத்தினது. கிறிஸ்மஸ் கழிஞ்சி மூணு ராஜா திருநாள் வர்ற வரைக்கும் இறக்க மாட்டோம். ராவுல கடல்லேருந்து பாத்தாலே தெரியுதாம்."

"மாஞிஃபிக், மதாம்! ரொம்ப அழகு!" என்றார் மிசியே. நானும் பாராட்டினேன். இரண்டு பேரும் நன்றாக அண்ணாந்து பார்த்துப் பாராட்டிவிட்டு வந்துவிட்டோம். சூசையும் அவன் மச்சானும் விடியும் முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள்.

பிற்பகலில் வானம் கறுத்தது. காற்று மாறியது. மற்ற படகுகளெல்லாம் திரும்பிவிட்டன. சூசை திரும்பவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன். மாசிலாமணி போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். கத்திக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. கீச், கீச், கீச் என்று அதுவே கத்தியது. மிசியேவின் முகம் செத்துவிட்டது.

தூறலில் ஸ்கூட்டரை விரட்டினேன். 

அறைக்குள் குப்பமே நின்றது. செட்டில் கரகரப்புக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"குப்பம், குப்பம், சூசை பேசறேன். இன்ஜின் நின்னு போயிருந்துச்சு, இப்ப ஓடுது. வந்துகினே இருக்கோம். ஸ்டாரு தெரியுது. ஸ்டாரைப் பாத்தே வந்துடறேன்."

மாசிலாமணி மைக்கை அழுத்தி, "சூசை, டேய்" என்று ஆரம்பித்தார். வெளியே காற்று ஊளையிட்டது. பெட்டி கீச்சிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

"ஏதோ கரகரன்னுது, ஒண்ணும் புரியல" என்றது சூசையின் குரல். "வர்றேன், வர்றேன்."

விஷயம் இதுதான். அந்தக் கரையில் அலை வீட்டுச் சுவர் உயரத்துக்கு எழும்பி உடைந்துகொண்டிருந்தது. கடைசியாகக் கரையேறிய படகை அப்படியே புரட்டிப் போட்டு ஒருவனுக்குக் கை முறிந்துவிட்டது. சூசை இங்கே வரக் கூடாது. தெற்கே திரும்பித் துறைமுகத்து வாய்க்குள் போனால் பிழைப்பான். அவனிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: இங்கே வராதே, ஹார்பருக்குப் போ. அவன் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது. நாங்கள் பேசுவது அவனுக்குப் போகவில்லை. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு வெறும் செட்டில் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், எட்டவில்லை; அவன் செல்போனும் எடுக்கவில்லை. கடலோரக் காவலுக்கும் சொல்லியாகிவிட்டது. அவர்கள் கிளம்பி வருவதற்குள் சூசை இந்த அலைக்குள் வந்துவிடுவான்.

மிசியே காலையில் போட்ட முனையைக் கழற்றிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. மறுபடி மாட்டினார்.  பிறகு ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். யாரோ பழக்க தோஷத்தில் அவர் கையில் டீ கிளாஸைக் கொடுத்துவிட்டார்கள்.

"பொறுங்க" என்றார்.

அவ்வளவுதான், பிலோமினா பாய்ந்துவிட்டாள்.

"இன்னாய்யா பொறு? இன்னாய்யா பொறுங்கற? எம் புருசன் அங்க அலைக்குள்ள வந்துகினு இருக்கான், நீ டீ குடிச்சிகினு பொறுங்கறியா? காலையில இன்னா சொல்லிட்டுப் போன? கிறிஸ்மஸ் வரைக்கும் வாயைத் தொறக்காதுன்னியே! நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? காத்து நின்னா ஓடுது, காத்து அடிச்சா கத்துது, அதுகூடத் தெரியாம குந்திகினு..."

மிசியே எழுந்துவிட்டார். டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

"என்ன சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

"காத்து அடிச்சா கத்துதுன்னேன்! உன் காது இன்னா செவிடா?"

அவர் வெளியே ஓடினார். நானும் ஓடினேன். மழை முகத்தில் அறைந்தது. கம்பத்தின் உச்சியில் சூசையின் ஸ்டார் சீரியல் பல்புகள் எரிய எரியப் பேயாட்டம் ஆடியது. ஒவ்வொரு காற்றுக்கும் போய் ஆண்டெனாவின் மேல் மோதியது. பல்பு ஒயர் ஒன்று அவிழ்ந்து ஆண்டெனாவையே சுற்றிக்கொண்டிருந்தது. சீர்வரிசைத் தட்டை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது அந்த ஸ்டார்தான். காலையில் பெட்டி கத்தியது களிம்புக்காக; அப்போது காற்றில்லை, ஸ்டார் தள்ளித் தொங்கியது. புது முனை போட்டதும் அலாரமும் வாயை மூடிக்கொண்டது.

"இதைப் பாத்து அழகா இருக்குன்னு சொன்னேனே, மதாம்" என்றார் என்னிடம். "அண்ணாந்து பாத்தேன். பாத்துட்டே போனேன்."

மாசிலாமணிக்குப் புரிந்துவிட்டது. "இறக்குங்கடா!" என்றார். நாலு பேர் கயிற்றுக்கு ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் பிலோமினா போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எவனாவது தொட்டீங்க, நடக்கறது வேற! வேண்டுதலு! மூணு ராஜாவுக்கு முன்னாடி இறக்கக் கூடாது. அவரு கடல்ல நிக்கறப்ப அவரு நட்சத்திரத்தை அவுக்கறதா? வெளங்குமா? அவரு அதைப் பாத்துதான் வர்றாரு, கேட்டீங்க இல்ல?"

நாலு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். கடலோடு பிழைக்கிறவர்கள். வேண்டுதல் விஷயத்தில் யார் துணிந்து கை வைப்பார்கள்? மாசிலாமணியும் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே செட்டில் சூசையின் குரல் இன்னும் தெளிவாக வந்தது. "ஸ்டாரு நல்லாத் தெரியுது. கிட்ட வந்துட்டோம்."

மிசியே அவளுக்கு எதிரில் போய் நின்றார். தொப்பி எங்கேயோ பறந்திருந்தது. அவர் தலை வழுக்கை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அம்மா, அவன் ஸ்டாரைப் பாத்துதான் வர்றான். எங்க வர்றான்? அதோ, அந்த அலைக்குள்ள. வராதடான்னு சொல்ல உள்ள மைக் இருக்குது, இந்த ஸ்டாரு உன்னைப் பேச உட மாட்டேங்குது. காலையில தப்புப் பண்ணது நான். சத்தம் நின்னுச்சு, ஜம்பமா கிளம்பிப் போய்ட்டேன். பாவம்னு ஒண்ணு இருந்தா என் தலையில எழுதச் சொல்லு. மாதாகிட்ட நான் பதில் சொல்லிக்கறேன்."

"எங்க மாதாகிட்ட பதில் சொல்ல நீ யாருய்யா?" என்று பிலோமினா அவரைப் பிடித்துத் தள்ளினாள். ஆள் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவள் அலையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கயிற்றைத் தன் கையில் பிடித்தாள்.

"தள்ளுங்க எல்லாரும். எம் புருசன் கட்டினது. அவுத்தா நான்தான் அவுப்பேன்."

மழையில் ஊறி இறுகிய முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஸ்டார் தடதடவென்று இறங்கியது, பல்பு ஒயர் பிய்ந்துகொண்டு வந்தது, ஆம்பளைகள் கீழே நின்று ஏந்திக்கொண்டார்கள். விளக்கு அணைந்து கரையே இருட்டாகிப்போனது.

மாசிலாமணி மைக்கை அழுத்தினார். பெட்டி கத்தவில்லை. அது கத்தாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சூசை, சூசை, குப்பம் பேசறேன். இங்க வராதே. அலை உடைக்குது. ஹார்பருக்குப் போ. கேக்குதா? இங்க வராதே, ஹார்பருக்குப் போ."

கையை எடுத்தார். வெறும் இரைச்சல். பிலோமினா என் கையைப் பிடித்திருந்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி. மறுபடி சொன்னார். மறுபடியும் இரைச்சல். 

அப்போது செட்டிலிருந்து, மூக்குக்கு மேல் கோபத்தோடு ஒரு குரல் வந்தது.

"எவன்டா அவன், என் ஸ்டாரை அவுத்தது?"

அறை மொத்தமும் ஓவென்று கத்தியது. சிரித்தார்களா அழுதார்களா, எனக்குத் தெரியாது. நான் இரண்டும் செய்தேன். பிலோமினா மாசிலாமணியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"நான்தான்யா அவுத்தேன்! இன்னா இப்ப?"

"ஏன்டி அவுத்த? மாசக்கணக்கா குந்திக் கட்டினேன்டி!"

"யோவ், ஹார்பருக்குப் போய்யா மொதல்ல! அங்க வந்து சொல்றேன் சேதி! இந்தப் பக்கம் வந்த, அலை கொல்றதுக்கு முன்னாடி நானே கொன்னுடுவேன்!"

 பிறகு, "சரி, போறேன். கத்தாத" என்றான் சூசை.

நாங்களும் துறைமுகத்துக்குப் போனோம். படகு ஆடி ஆடி உள்ளே வந்தது. சூசை இறங்கியதும் பிலோமினா அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். பிறகு அதே முதுகைக் கட்டிக்கொண்டு அழுதாள். மச்சானுக்கும் ஒன்று விழுந்தது. மிசியே ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். மாசிலாமணி அவரைக் காட்டி, "இவருதான்டா கண்டுபிடிச்சாரு" என்றார்.

சூசை கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தால் தன் புகழ் பாடுகிற மனிதர் ஆயிற்றே, இனி விடிய விடியக் கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவரோ, "நான் இல்லப்பா. உன் பொஞ்சாதிதான் கண்டுபிடிச்சா" என்று சொல்லிவிட்டுக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "மதாம், போலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் வீடு முத்தியால்பேட்டையில். துறைமுகத்திலிருந்து வடக்கே போக வேண்டும். வண்டி கொஞ்ச தூரம் போனதும் என் முதுகுக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. அப்புறம் இன்னொன்று. திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் பெண்ணும் மருமகனும் விடுமுறைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எதிரில் அந்த முகத்தோடு போய் இறங்குவது அவருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

நான் வண்டியைத் தெற்கே திருப்பி, நோணாங்குப்பம் பாலம் வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். ஊருக்கெல்லாம் வழி சொல்கிற மனிதர், எங்கே போகிறாய் என்று என்னைக் கேட்கவே இல்லை.